மூலம் ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறீர்களா? இதெல்லாம் தெரியுமா?

ஆசனவாய்க் குழாயின் நீளம் எவ்வளவு தெரியுமா? சுமார் 4 சென்டிமீட்டர்! சுண்டுவிரல் அளவுகூட இல்லை! அந்த இத்தனூண்டு இடத்தில் கத்தி பட்டால், ஆறடி ஆள் நாற்காலியைக் கண்டாலே நடுங்குகிறார்!

ஏன் அப்படி வலிக்கிறது? அந்தக் குழாயின் நடுவே வளைந்து வளைந்து ஒரு கோடு ஓடுகிறது. கோட்டுக்கு மேலே குத்தினாலும் வெட்டினாலும் வலி தெரிவதே இல்லை! கீழே வந்தாலோ உயிர் போகும்! உள்மூலத்துக்கு ரப்பர் வளையம் போடும்போது மயக்க மருந்தே இல்லாமல் முடித்து அனுப்புகிறார்களே, அது இந்தக் கோட்டின் தயவுதான்!

வெந்நீர்த் தொட்டியில் உட்காரச் சொல்வது பாட்டி வைத்தியம் என்று நினைத்தீர்களா? ஆசனவாயில் இரண்டு சுருக்குத் தசைகள் இருக்கின்றன. வெளித்தசை நாம் சொன்னபடி கேட்கும். உள்தசை யார் சொன்னாலும் கேட்காது! அடைத்து வைக்கும் வேலையில் முக்கால் பங்கு இந்த அடங்காப்பிடாரியுடையதுதான். ஆபரேஷன் வலியில் இது இன்னும் இறுகும். இறுக இறுக வலி கூடும். வெந்நீர் பட்டதும் இளகிவிடும்! சூடு 40 டிகிரி செல்சியஸ் போதும். 10 முதல் 15 நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று தடவை, மோஷன் போனதும் இன்னொரு தடவை. டாக்டர் சொல்லாமல் அதில் கிருமிநாசினி ஊற்ற வேண்டாம். வெறும் வெந்நீரே இத்தனையும் செய்துவிடும்!

ஆபரேஷன் நடந்தது பின்பக்கம், அடைத்துக்கொள்வது முன்பக்கம்! நம்ப முடிகிறதா? வலியாலும் மயக்க மருந்தாலும் சிலருக்குச் சிறுநீர் வராது. அதே வெந்நீரில் உட்கார்ந்தபடியே போய்விடுங்கள் என்பார்கள் நர்ஸம்மாக்கள். கூச்சப்படாதீர்கள், தண்ணீரை மாற்றிக்கொண்டால் ஆயிற்று! 6, 8 மணி நேரமாகியும் வரவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு!

பாறையைப் பிளக்கும் டைனமைட்டில் இருப்பது நைட்ரோகிளிசரின். ஆசனவாய் வெடிப்புக்குத் தடவும் களிம்பிலும் அதேதான்! பயப்படாதீர்கள், களிம்பில் இருப்பது 0.2 அல்லது 0.4 சதவீதம்தான். உடம்பில் அது நைட்ரிக் ஆக்சைடாக மாறி, முரட்டு உள்தசையைத் தளர்த்துகிறது. இதைவிட வேடிக்கை வேண்டுமா? டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே, 1896-ல் இதய நோய்க்கு டாக்டர்கள் எழுதிக் கொடுத்தது நைட்ரோகிளிசரின்! 1998-ல் நைட்ரிக் ஆக்சைடு ஆராய்ச்சிக்குக் கிடைத்த பரிசு எது? நோபல் பரிசு! களிம்பு தடவியபின் தலை வலித்தால் திகைக்காதீர்கள். ரத்தக்குழாய்களையும் அது விரித்துவிடுகிறது! வலி தாங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வலிக்குத் தரும் டிரமடால், கோடீன் மாத்திரைகளே மலத்தைக் கட்டும் என்பது தெரியுமா? வலியைப் போக்க மாத்திரை, அந்த மாத்திரையால் மலச்சிக்கல், முக்கினால் மறுபடி வலி! கூடவே மலமிளக்கி எழுதித் தருவது இதனால்தான். அதைத் தனியாக ஒதுக்கி வைத்துவிடாதீர்கள்!

இசப்கோல் உமி 1 கிராம் தண்ணீரில் ஊறினால் எவ்வளவு ஆகும்? மருந்துத் தரநூல்களின் கணக்குப்படி 40 மில்லிலிட்டர்! உலகத்துக்கே இதைப் பெருமளவில் அனுப்புவது குஜராத்தும் ராஜஸ்தானும்தான். ஆனால் தாராளமாகத் தண்ணீர் குடிக்காமல் இதைச் சாப்பிட்டால் உள்ளேயே அடைத்துக்கொள்ளும்! ஒரு நாளைக்கு வேண்டிய நார்ச்சத்து 25 முதல் 30 கிராம். 100 கிராம் கொய்யாவில் 5 கிராமுக்கு மேல் இருக்கிறது. அதே எடை வெள்ளைச் சோற்றில்? 1 கிராம்கூட இல்லை! ரசம் சாதத்தை மட்டும் நம்பி மூன்று வேளையை ஓட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்!

வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலடியில் ஒரு சின்ன ஸ்டூல் போட்டுப் பாருங்கள்! முட்டி இடுப்பைவிட மேலே வந்தால் மலக்குடலின் வளைவு நேராகும். முக்கவே தேவையில்லை! நம் பழைய குந்தும் பழக்கம் சும்மா வந்ததல்ல!

"பவுத்திரம் ஆபரேஷன் செய்தார்கள், தையலே போடவில்லையே!" என்று அலறுகிறீர்களா? வேண்டுமென்றே போடாமல் விட்டிருக்கிறார்கள்! புண் அடியிலிருந்து மேலே ஆற வேண்டும். மேல்தோல் முந்திக்கொண்டு மூடிவிட்டால் உள்ளே சீழ் தங்கிவிடும். ஆற வாரக்கணக்காகலாம். அதுவரை கசிவும் இருக்கும். அதற்கு என்ன வைத்துக்கொள்வது? சானிட்டரி நாப்கின்! ஆமாம், மீசை வைத்த மாமாக்களும்தான்!

இதே பவுத்திரத்துக்கு, 1686 நவம்பர் 18 அன்று கத்திக்குக் கீழே படுத்தவர் யார் தெரியுமா? பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி! மயக்க மருந்து கிடையாது! அரண்மனை அறுவை மருத்துவர் ஃபெலிக்ஸ், மன்னரைத் தொடுமுன் ஏழை நோயாளிகளிடம் கைப்பழக்கம் செய்துகொண்டாராம். பாவம் அவர்கள்! ஆனால் உச்சகட்டம் இனிமேல்தான். மன்னருக்கு வந்தது நமக்கும் வரவேண்டும் என்று அரண்மனைவாசிகள் கிளம்பிவிட்டார்கள்! அந்த ஆபரேஷன் வேண்டும் என்று 30-க்கும் மேற்பட்டோர் கேட்டார்கள், உங்களுக்குத் தேவையில்லை என்றதும் கோபித்துக்கொண்டார்கள் என்று அக்கால மருத்துவர் தியோனி எழுதி வைத்திருக்கிறார்!

சார்லஸ் டிக்கன்ஸ்? அவருக்கும் பவுத்திரம்தான்! 1841 அக்டோபரில், லண்டனில், ஃபிரெடெரிக் சால்மன் கையால். ஈதர் மயக்க மருந்து பொதுமேடையில் அறிமுகமானதோ 1846-ல்! ஆனாலும் மனிதர் 1842 ஜனவரியிலேயே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்!

முதல் வாரம் நன்றாகப் போனது, இனி கவலையில்லை என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்! மூலம் ஆபரேஷனுக்குப் பிறகு திடீர் ரத்தப்போக்கு சிலருக்கு வருவதே 7 முதல் 10 நாளுக்குள்தான்! துடைக்கும்போது லேசாகச் சிவப்பு தெரிந்தால் பரவாயில்லை. கட்டிகட்டியாக வந்தாலோ, நிற்காமல் போனாலோ, காய்ச்சல் அடித்தாலோ வண்டியை எடுங்கள்!

1980 அக்டோபரில் அமெரிக்க பேஸ்பால் வீரர் ஜார்ஜ் பிரெட் மூல வலி தாங்காமல் இறுதித் தொடரின் 2-வது ஆட்டத்திலிருந்து பாதியில் வெளியேறினார். சின்ன ஆபரேஷன் நடந்தது. அடுத்த ஆட்டத்தில் வந்து என்ன செய்தார் தெரியுமா? முதல் இன்னிங்ஸிலேயே ஹோம் ரன்! நீங்கள் மட்டும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை கேஸ் சிலிண்டரைத் தூக்கப் போகாதீர்கள்!