ஐப்பசியில் ஏரிக்கரைக்கு வாருங்கள்!



புரட்டாசி கழிந்து ஐப்பசி பிறக்கும் நாள்களில், பள்ளிக்குப் போகும் வழியில் சற்று நின்று மின்கம்பிகளை அண்ணாந்து பாருங்கள். கருநீல முதுகு, செம்பழுப்புத் தொண்டை, கத்தரிக்கோலைப் போல் பிளந்த வால் ஆகியவற்றைக் கொண்ட சிறு பறவைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைக் காணலாம். ஆனி மாதத்தில் இவை அங்கே இல்லை. அடுத்த சித்திரை முடிவதற்குள் மறுபடியும் காணாமல் போய்விடும். இவற்றின் பெயர் தகைவிலான். இமயத்திலும் அதற்கு அப்பாலும் கூடுகட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க நம்மிடம் வந்திருக்கும் விருந்தாளிகள் இவை.

வட நாடுகளில் இது இலையுதிர் காலம். நமக்கோ வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களைப் பழந்தமிழர் கூதிர் என்று அழைத்தனர். ஏரி குளங்களில் நீர் பெருகும் இந்த நேரத்தில்தான் வடக்கேயிருந்து பறவைகளும் வந்து இறங்குகின்றன. ஆகவே, நம் ஊர் ஏரிக்கு ஓர் உலா போக இதைவிட நல்ல காலம் வேறில்லை. பொழுதுபோக்காகத் தொடங்கும் இந்த உலா எப்படி ஒரு விஞ்ஞானப் பணியாக மாறுகிறது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

ஏன் வருகின்றன?

குளிருக்குப் பயந்து பறவைகள் வருகின்றன என்பது பாதி உண்மைதான். இறகுகள் நல்ல போர்வை. ஓரளவு குளிரைப் பறவைகள் தாங்கிவிடும். பசியைத்தான் தாங்க முடியாது. வடக்கே நீர்நிலைகள் உறைந்துவிடும். புழு பூச்சிகள் மறைந்துவிடும். பகல் பொழுது குறைந்து, இரை தேட நேரமும் போதாமற் போகும். எனவே உணவுள்ள இடத்தை நாடி அவை தெற்கே வருகின்றன. இதை வலசை போதல் என்கிறோம்.

அப்படியானால் இங்கேயே தங்கிவிடலாமே, ஏன் திரும்பிப் போகின்றன? வட நாட்டுக் கோடையில் பகல் மிக நீளமானது. பூச்சிகள் திடீரென்று கோடிக்கணக்கில் பெருகும். குஞ்சுகளுக்கு ஊட்ட அதைவிட வசதியான இடம் ஏது?

ஏரிக்கரைச் சேற்றில் ஓடியோடி இரை பொறுக்கும் கொசு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடை ஏறக்குறைய 25 கிராம். மூன்று பத்து ரூபாய் நாணயங்களைக் கையில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான்! அது பிறந்ததோ, ஆர்க்டிக் கடலை ஒட்டிய வடகோடி நிலப்பகுதியில். பகல் பொழுதின் நீளம் குறைவதை உடல் உணர்ந்துகொள்கிறது. உடனே பறவை மிகுதியாகத் தின்று கொழுப்பைச் சேமிக்கிறது. நெடும் பயணத்துக்கு அந்தக் கொழுப்பே எரிபொருள்.

வழி எப்படித் தெரிகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்கு ஒரு பள்ளி ஆசிரியர் வழிவகுத்தார் என்றால் வியப்பாக இருக்கும். டென்மார்க் நாட்டின் விபோர்க் நகரைச் சேர்ந்த மார்டென்சன் என்பவர், 1899-இல் 165 ஸ்டார்லிங் பறவைகளைப் பிடித்து, எண் பொறித்த அலுமினிய வளையங்களை அவற்றின் கால்களில் மாட்டிப் பறக்கவிட்டார். ஸ்டார்லிங் நம் மைனாவின் உறவுப் பறவை. வளையமிட்ட பறவை வேறோர் ஊரில் அகப்பட்டால், எங்கிருந்து எங்கே போயிற்று என்பது தெரிந்துவிடும் அல்லவா? இன்று உலகெங்கும் நடக்கும் வளையமிடும் ஆராய்ச்சிக்கு அதுவே தொடக்கம். நம் கோடியக்கரையிலும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்துள்ளனர்.

அதே ஸ்டார்லிங்கைக் கொண்டு இன்னொரு சோதனையும் நடந்தது. இலையுதிர் காலத்தில் ஹாலந்து வழியாகத் தென்மேற்கு நோக்கிப் போகும் சுமார் 11,000 பறவைகளைப் பிடித்து, தென்கிழக்கே சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விடுவித்தார்கள். பெர்டெக் என்ற விஞ்ஞானி இதன் முடிவை 1958-இல் வெளியிட்டார். முதல் முறையாகப் பயணம் செய்த இளம் பறவைகள் பழைய திசையிலேயே பறந்து, பிரான்சின் தெற்குப் பகுதிக்கும் ஸ்பெயினுக்கும் போய்ச் சேர்ந்தன. ஏற்கனவே ஒருமுறை போய்வந்த முதிய பறவைகளோ திசையைத் திருத்திக்கொண்டு, வழக்கமாகத் தங்கும் இடத்தை நோக்கிச் சென்றன.

இதிலிருந்து என்ன தெரிகிறது? திசையுணர்வு பிறவியிலேயே வருகிறது. ஆனால் சேர வேண்டிய இடத்தைப் பறவை அனுபவத்தால் கற்கிறது. சூரியன், விண்மீன்கள், பூமியின் காந்தப்புலம் ஆகியவை அதற்குத் துணைபுரிகின்றன.

இங்கே ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். பழைய இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு பறவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருகிறது. வந்து பார்த்தால் ஏரி இருந்த இடத்தில் கட்டடங்கள் நிற்கின்றன. அது என்ன செய்யும்?

விருந்தாளியா, வீட்டுக்காரரா?

வேடந்தாங்கல் பறவைகள் எல்லாம் சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகின்றன என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரியன்று. அங்கே மரங்களில் கூடுகட்டும் கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை முதலியவை நம் நாட்டுப் பறவைகளே. நீரும் மீனும் இருக்கும் இடத்தைத் தேடி அவை உள்நாட்டுக்குள்ளேயே இடம் மாறுகின்றன.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய விதி உண்டு. வடக்கேயிருந்து குளிர்காலத்தில் வரும் ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கொசு உள்ளான் போன்றவை இங்கே கூடு கட்டுவதில்லை; அவை உண்ணவும் ஓய்வெடுக்கவுமே வருகின்றன. ஆகவே, ஏரி மரத்தில் ஒரு நாரை கூட்டுக்குச் சுள்ளி கொண்டுபோவதைப் பார்த்தால், “இவர் வீட்டுக்காரர்” என்று குறித்துக்கொள்ளலாம்.

ஏரியில் ஒரு பந்தி

ஏரியைக் கவனித்துப் பார்த்தால் அது ஒரு சாப்பாட்டுப் பந்தி போல் தோன்றும். ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. ஈரச் சேற்றின் மேற்பரப்பில் கொசு உள்ளான் குட்டை அலகால் கொத்துகிறது. கணுக்கால் அளவு நீரில் நெடுங்கால் உள்ளான் இளஞ்சிவப்புக் கால்களால் அளந்து நடக்கிறது. கோரைப் புல்லின் ஓரத்தில் மடையான் அசையாமல் காத்திருக்கிறது. தட்டைவாயன் அகன்ற அலகால் நீரைச் சல்லடையாகச் சலிக்கிறது. நெற்றியில் வெள்ளை நாமம் தரித்த நாமக்கோழி இன்னும் சற்று உள்ளே நீந்துகிறது. நடு ஏரியில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் மூழ்கி மூழ்கி எழுகின்றன.

ஆழம் மாற மாற ஆளும் மாறுகிறார்! ஏரியை அழகுபடுத்துவதாக எண்ணி, கரையைச் செங்குத்தாக வெட்டி, எல்லா இடத்தையும் ஒரே ஆழமாக்கிவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் நிறைந்திருக்கும். நீர்க்காகமும் இருக்கும். ஆனால் சேற்றோரத்துப் பந்தியில் உண்பவர்களுக்கு இலை போட இடமிராது. இந்த இழப்பு வெறுங்கண்ணுக்குத் தெரியாது. எண்ணிக் குறித்து வைத்தவர்களுக்குத்தான் தெரியும்.

உலாவுக்குப் புறப்படுவோம்

ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு குழு அமையுங்கள். வீட்டில் சொல்லிவிட்டு, ஓர் ஆசிரியரையோ பெரியவரையோ துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். ஏரியில் வலை வீசும் பெரியவர், ஆடு மேய்க்கும் அண்ணன், கரையோர வயலின் உழவர் ஆகியோரையும் அழையுங்கள். ஊரார் வழங்கும் பறவைப் பெயர்களும், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஏரி இருந்த நிலையும் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காலை ஆறரை மணி ஏற்ற நேரம். பளிச்சென்ற சட்டை வேண்டாம். பச்சை, காக்கி நிறங்கள் நல்லவை. சூரியன் முதுகுப்புறம் இருக்கட்டும். அதாவது, காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் நிறங்கள் தெளிவாகத் தெரியும். தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. நோட்டும் பென்சிலும் கட்டாயம் வேண்டும். பெயர் தெரியாத பறவையைப் படமாக வரைந்து, அலகு, கால், வால் ஆகியவற்றின் நீளத்தையும் நிறத்தையும் குறியுங்கள். பிறகு நூலகத்தில் பறவை நூல்களோடு ஒப்பிடுங்கள். சாலிம் அலி 1941-இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூல் எத்தனையோ பேரை இத்துறைக்கு இழுத்த நூல்.

சில எச்சரிக்கைகள்: மழைக்காலத்தில் கரை வழுக்கும். மதகு, கலங்கல் பக்கம் போகவேண்டாம். நீரில் இறங்கவே வேண்டாம். இடி இடித்தால் உடனே திரும்புங்கள். கூடுகளை நெருங்காதீர்கள். கல் எறிந்து பறவைகளைக் கிளப்பாதீர்கள். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அவற்றை ஏமாற்றாதீர்கள். வீணாகப் பறக்கும் ஒவ்வொரு முறையும் அது சேமித்த கொழுப்பு கரைகிறது.

இந்நாள்களில் உங்கள் வீட்டு முற்றத்திலேயே ஒரு விருந்தாளி வந்து விழக்கூடும். பச்சை முதுகு, நீலச் சிறகு, சிவந்த அடிவயிறு கொண்ட ஆறுமணிக் குருவி அது. காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் இந்தப் பெயர். இரவில் பயணம் செய்யும் இப்பறவை, விளக்கொளியில் தடுமாறிக் களைத்துக் கீழே இறங்கிவிடுவதுண்டு. காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், இருட்டாகவும் அமைதியாகவும் அதை ஓய்வெடுக்கவிடுங்கள். வாயில் தண்ணீரோ சோறோ திணிக்காதீர்கள். மாலையில் மரமடர்ந்த இடத்தில் விட்டால் அது தன் வழியே போய்விடும். காயம் பட்டிருந்தால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

எண்ணுவது எப்படி?

நூற்றுக்கணக்கில் கூடியிருக்கும் வாத்துகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கின்றன என்று பாருங்கள். அந்த அளவு இடம் கூட்டம் முழுவதிலும் எத்தனை முறை அடங்குகிறது என்று கணக்கிட்டுப் பத்தால் பெருக்குங்கள். இதற்கு வீட்டிலேயே பயிற்சி செய்யலாம். ஒரு கைப்பிடி புளியங்கொட்டையைத் தரையில் வீசுங்கள். பார்த்தவுடன் எத்தனை என்று மதிப்பிடுங்கள். பிறகு எண்ணிச் சரிபாருங்கள். பத்து நாள் செய்தால் உங்கள் மதிப்பீட்டில் எவ்வளவு முன்னேற்றம் என்று நீங்களே காண்பீர்கள்.

ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே நேரம், அதே கால அளவு இருக்கவேண்டும். அப்போதுதான் இந்த வாரத்தையும் சென்ற வாரத்தையும் ஒப்பிட முடியும். நாள், நேரம், வானிலை, நீர்மட்டம் ஆகியவற்றையும் குறியுங்கள். மறக்கக்கூடாத இன்னொன்று: எதிர்பார்த்த பறவை வரவில்லை என்றால் அதன் பெயருக்கு எதிரே 0 என்று எழுதுங்கள். “ஊசிவால் வாத்து – 0” என்பதும் ஒரு விஞ்ஞானச் செய்தியே. ஒருவேளை அதுவே மிக முக்கியமான செய்தியாகவும் இருக்கலாம்.

எண்ணிக்கை எதற்கு?

‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற அறிக்கை 2023-இல் வெளியாயிற்று. அதற்கு ஆதாரமாக அமைந்தவை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் தந்த சுமார் 3 கோடிக் குறிப்புகள். அவர்களில் பெரும்பாலோர் உங்களையும் என்னையும் போன்றவர்கள்தாம். நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 பறவை இனங்களில் 60 விழுக்காடு இனங்கள் குறைந்து வருகின்றன என்று அந்த அறிக்கை கூறுகிறது. நெடுந்தூரம் வலசை வரும் கரைப்பறவைகள் குறிப்பாகப் பாதிக்கப்பட்டுள்ளன. நீர்ப்பறவைகளுக்கென்றே ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் 1987 முதல் தன்னார்வலர்களாலேயே நடைபெற்று வருகிறது.

கவனித்துப் பார்த்த மக்களால் ஓர் ஏரியே காப்பாற்றப்பட்டதுண்டு. 1790-களில், வேடந்தாங்கலில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டுப் பறவைகளுக்குப் பாதுகாப்பு உத்தரவு பெற்றார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளையும் என்பதை அவர்கள் கண்டறிந்திருந்தனர். யாரும் பாடம் நடத்தி அதைச் சொல்லித்தரவில்லை. வேடந்தாங்கலிலும், நெல்லை மாவட்டத்துக் கூந்தங்குளத்திலும், சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஐப்பசியில் ஊரெல்லாம் வெடிச் சத்தம் கேட்கும்போது, அந்த ஊர்ப் பிள்ளைகள் மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை இதுதான் அல்லவா?

உங்கள் ஊர் ஏரி புகழ்பெற்ற சரணாலயமாக இல்லாமல் இருக்கலாம். அதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரிகூட இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் முதல் வரியை எழுதும் வாய்ப்பு உங்களுக்கே! நாளை யாராவது “இங்கே பறவையே வருவதில்லை, இது வெறும் புறம்போக்கு” என்று சொல்லும்போது, நாளும் நேரமும் எண்ணிக்கையும் குறித்த உங்கள் நோட்டுதான் ஏரிக்காகச் சாட்சி சொல்லும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஏரிக்கரையில் இருங்கள். பங்குனியில் வாத்துகள் வடக்கே திரும்பும் வரை வாரம் ஒரு முறை எண்ணுங்கள். நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். நீங்கள் பள்ளிப் படிப்பை முடித்துப் போகும்போது, அதை அடுத்த வகுப்புத் தம்பி தங்கையரிடம் ஒப்படையுங்கள். பறவைகள் ஆண்டுதோறும் வரும். எண்ணுவதற்கும் ஆண்டுதோறும் யாராவது இருக்கவேண்டும்.