அழிவில் பேசும் துகள்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், மாமல்லபுரத்துக்கு முன்பாகக் கல்பாக்கம் வரும். அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் எதிர்ப்பொருளை வைத்து எஃகைச் சோதிக்கிறார்கள். எதிர்ப்பொருள் என்றதும் பிரம்மாண்டமான துகள் முடுக்கிதான் நினைவுக்கு வரும். இதற்கோ சோடியம்-22 என்ற கதிரியக்க உப்பு துளியூண்டு போதும்.

அந்த உப்புக் கரைசலை மெல்லிய தாளில் காயவைத்து, சோதிக்கவேண்டிய உலோகத்தின் இரு துண்டுகளுக்கு நடுவே செருகுகிறார்கள். சோடியம்-22 சிதையும்போது எதிர்ப்பொருள் துகளான பாசிட்ரான் வெளிப்படும். எலெக்ட்ரானின் அதே நிறை, ஆனால் நேர் மின்னூட்டம். உலோகத்துக்குள் புகுந்து வேகம் அடங்கி, ஓர் எலெக்ட்ரானோடு சேர்ந்ததும் இரண்டுமே இல்லாமல் போய்விடும். அவற்றின் நிறை தலா 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரு காமாக் கதிர்களாகி, ஏறக்குறைய நேர் எதிர்த் திசைகளில் பாயும். 1933இல் பிரான்சில் ழான் திபோவும் ஃபிரெடெரிக் ஜோலியோவும் இந்த அழிவுக் கதிரைத் தனித்தனியே கண்டறிந்தார்கள். பாசிட்ரானை ஆண்டர்சன் கண்டுபிடித்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

இந்தச் சோதனையில் என்னை அசரவைப்பது அதன் கடிகாரம். பாசிட்ரான் வெளிவந்த கையோடு, அதே அணுக்கரு 1275 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமாக் கதிர் ஒன்றையும் விடும். அதுதான் பிறப்புச் செய்தி. 511 இறப்புச் செய்தி. கதிர் பட்டதும் மினுக்கென்று ஒளிரும் இரண்டு உணர்கருவிகளில் ஒன்று முதலாவதையும், மற்றது இரண்டாவதையும் பிடிக்கும். இடைப்பட்ட நேரமே பாசிட்ரானின் ஆயுள். குறையில்லாத அலுமினியத்தில் அது சுமார் 165 பிகோசெகண்ட். ஒரு பிகோசெகண்ட் என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு!

படிகத்தில் ஓர் அணு இல்லாத காலியிடம் இருந்தால், விரட்டும் நேர்மின் அணுக்கரு அங்கே இல்லாததால் பாசிட்ரான் அதில் போய் மாட்டிக்கொள்ளும். அங்கு எலெக்ட்ரான்கள் குறைவு. எனவே ஆயுள் நீளும். மின்னணு நுண்ணோக்கிக்கு எளிதில் அகப்படாத ஓரணுக் காலியிடம்கூட இப்படிச் சிக்கிவிடுகிறது.

கல்பாக்கத்துக்கு இது அவசியத் தேவை. அங்கே 1985 முதல் வேக ஈனுலை என்ற வகை அணு உலை இயங்குகிறது. அதன் நியூட்ரான்கள் எஃகின் அணுக்களை இடம்பெயர்க்கும். காலியிடங்கள் ஒன்றுகூடிக் குமிழிகளாகி எஃகு உப்பும். அதைக் கட்டுப்படுத்த டைட்டானியம் சேர்த்த எஃகில், டைட்டானியம் கார்பைடு நுண்துகள்கள் எந்த வெப்பநிலையில் உருவாகின்றன என்பதையும் இங்கே பாசிட்ரானைக் கொண்டே ஆராய்ந்திருக்கிறார்கள்.