மழைக்கு முன் ஒரு துப்புரவு

செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை, உலகெங்கும் தன்னார்வலர்கள் கடற்கரைகளில் குப்பை பொறுக்கும் நாள். பன்னாட்டுக் கடலோரத் துப்புரவு நாள் என்று அழைக்கப்படும் இந்த வழக்கத்தை 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்ற இரு பெண்கள் தொடங்கிவைத்தார்கள். முதல் ஆண்டிலேயே 2,800 பேர் திரண்டு மூன்று மணி நேரத்தில் 124 டன் குப்பையை அள்ளினார்கள். அள்ளியதோடு விட்டுவிடாமல், கையில் கிடைத்த ஒவ்வொன்றையும் எண்ணி அட்டையில் குறித்ததுதான் அந்த முயற்சியின் பெரிய பலம். கப்பல்களிலிருந்து கடலில் பிளாஸ்டிக் கொட்டுவதைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பை அமெரிக்கா ஏற்பதற்கு அந்தக் கணக்கு வலுச் சேர்த்தது. 1988 டிசம்பர் 31 அன்று அந்த இணைப்பு நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் 2006 முதல் இந்த நாளை ஒருங்கிணைத்து வருவது கடலோரக் காவல்படை. 2022இல் மத்திய அரசு ஜூலை 5 தொடங்கி செப்டம்பர் 17 வரை 75 நாள்களுக்குத் தூய கடல் இயக்கம் ஒன்றை நடத்தி, கடைசி நாளன்று 75 கடற்கரைகளில் துப்புரவு நடத்தியது. தூத்துக்குடியிலும் கடலோரக் காவல்படை, மாநகராட்சி, கல்லூரி மாணவர்கள் எனப் பல தரப்பினர் சேர்ந்து இந்த நாளில் கரையில் இறங்குவது வழக்கம். பொதுவாக முத்துநகர் கடற்கரை போன்ற பூங்காக் கரைகளே இதற்குத் தேர்வாகின்றன. நின்று படம் எடுக்க அவை வசதியானவை; ஆனால் குப்பை அதிகம் சேரும் இடங்கள் வேறு. அவற்றில் முக்கியமானது ஊரின் வடக்கே உள்ள திரேஸ்புரம்.

திரேஸ்புரம் நாட்டுப்படகுகளின் துறை. விசைப்படகுகள் நிற்கும் மீன்பிடித் துறைமுகம் தனியே இருக்க, வள்ளங்களும் சிறு படகுகளும் இங்கேதான் கரை சேர்கின்றன. மீன் ஏலம், வலை பிரித்தல், சங்கு குளிக்கப் புறப்படுதல் எல்லாம் ஒரே கரையில் நடக்கும். கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்துவிட்டது என்றாலும், சங்குக்காக மூழ்குவோர் இன்றும் உண்டு. கடலடியில் என்ன கிடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். இந்தக் கரையில்தான் பக்கிள் ஓடையும் கடலில் சேர்கிறது. நகரத்தின் நடுவே ஓடிவரும் அந்த ஓடை மழைநீரையும் கழிவுநீரையும் சுமந்து வருவது. தெருவில் வீசப்படும் பாக்கெட்டும் பாட்டிலும் அதிலேயே மிதந்து வந்துவிடும். ஆக, திரேஸ்புரத்துக் கரையில் ஒதுங்கும் குப்பையில் பெரும் பங்கு கடலுக்குப் போகும் வழியில் தங்கிய ஊர்க்குப்பை.

எதிரே இருப்பது சாதாரணக் கடல் அல்ல. தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளைக் கொண்டு 1986இல் மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. அதைச் சூழ்ந்த 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வான் தீவு, காசுவார் தீவு, காரியாச்சல்லி, விலாங்குச்சல்லி ஆகிய நான்கும் தூத்துக்குடியை ஒட்டியவை. இவற்றில் விலாங்குச்சல்லி நீருக்குள் போய்விட்டது. தேய்ந்துவந்த வான் தீவைக் காக்க 2015 முதல் செயற்கைப் பவளத் திட்டுகள் இறக்கப்பட்டன. இந்தத் தீவுகளுக்குக் காவலாக நிற்பவை பவளப்பாறைகள். அறுந்து போன வலை ஒன்று பவளத்தின் மேல் விழுந்தால், அலை அடிக்கும்போதெல்லாம் அது இழுபட்டுக் கிளைகளை ஒடிக்கும். மூடிய இடத்தில் வெயில் படாமல் பவளம் வெளுக்கும். மீனும் நண்டும் ஆமையும் அதில் சிக்கிச் சாகும். தூத்துக்குடியில் இயங்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தப் பாறைகளில் மூழ்கி ஆய்வு செய்து, அங்கே கிடக்கும் குப்பையில் கைவிடப்பட்ட வலைகள் பெரும் பகுதி என்று பதிவு செய்திருக்கிறது.

செப்டம்பர் என்ற மாதம் உலகத்துக்காகக் குறிக்கப்பட்டது. ஆனால் தூத்துக்குடிக்கு அது தற்செயலாக மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. மாவட்டத்துக்கு முக்கிய மழையைத் தருவது வடகிழக்குப் பருவமழை. அது அக்டோபரில் தொடங்கும். ஆண்டு முழுவதும் ஓடையில் தங்கிக் கிடந்ததெல்லாம் முதல் கனமழையில் ஒரே மூச்சில் கடலுக்குள் தள்ளப்படும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தூத்துக்குடி நகரமும் வெள்ளத்தில் மூழ்கியபோது, தண்ணீர் வடிந்த வழியெல்லாம் ஊரின் குப்பையும் போனது. மழைக்கு முன் ஓடையின் முகத்தில் அள்ளப்படும் ஒரு மூட்டை, கடலுக்குள் போகாத ஒரு மூட்டை. ஜனவரியில் அள்ளுவது கரைக்கு அழகு சேர்க்கலாம். கடலுக்கு உதவுவது செப்டம்பரில் அள்ளுவதுதான்.

மாதம் பொருந்தினாலும் கிழமை இடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான நாட்டுப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பதால், சனிக்கிழமை திரேஸ்புரத்தில் ஏலம் களைகட்டும். ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கு மீன் வாங்க ஊரே வந்து நிற்கும். அந்த நெரிசலில் கையுறை மாட்டிய இருநூறு மாணவர்களை இறக்கினால் வியாபாரமும் கெடும், துப்புரவும் நடக்காது. அதற்காக ஞாயிறு காலைக்கு மாற்றினால் தேவாலயப் பூசை நேரம். ஆகவே சனிக்கிழமை ஓடைமுகத்தையும் ஏலக்கூடத்துக்கு அப்பால் உள்ள கரையையும் எடுத்துக்கொள்வது, படகுத்துறையை ஞாயிறு பூசை முடிந்தபின் எடுத்துக்கொள்வது என்று பிரித்துக்கொள்வதே நல்ல ஏற்பாடு. இதை மேசையில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. கரை அங்கே வேலை செய்பவர்களுடையது. ஊர்க் கமிட்டியையும் நாட்டுப்படகு மீனவர் சங்கங்களையும் மீன் வியாபாரம் செய்யும் பெண்களையும் ஒரு மாதம் முன்பே சந்தித்துக் கேட்க வேண்டும். எந்தக் கயிறு குப்பை, எது காய்ந்துகொண்டிருக்கும் சொத்து என்பது வெளியூர் மாணவருக்குத் தெரியாது. நல்ல வலையைக் குப்பை என்று எண்ணி வெட்டி மூட்டை கட்டிவிட்டால், அடுத்த ஆண்டு அந்தக் கரையில் எவருக்கும் வரவேற்பு இருக்காது.

அனுமதிகள் பெறுவது சிக்கலான காரியம் அல்ல. மாநகராட்சி, மீன்வளத் துறை, காவல் துறை ஆகியவற்றுக்கு முன்கூட்டியே கடிதம் போதும். தீவுகளில் இறங்குவது மட்டும் வேறு விஷயம். அவை வனத்துறையின் பாதுகாப்பில் உள்ள பூங்கா. நல்லெண்ணத்தோடு போனாலும் அனுமதியின்றிப் போவது குற்றம்.

எடுத்துக்கொள்ளும் நீளம் சிறியதாக இருக்க வேண்டும். ஓடைமுகத்திலிருந்து இருபுறமும் நூறு மீட்டர் என்று கயிறு கட்டி அளந்து, ஒவ்வோர் ஆண்டும் அதே இருநூறு மீட்டரைச் சுத்தம் செய்தால்தான் போன ஆண்டோடு ஒப்பிட முடியும். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிப்பது நல்லது. அதற்குப் பிறகு தூத்துக்குடி வெயில் ஆளைத் தள்ளிவிடும். ஐந்து பேர் ஒரு குழு. நால்வர் பொறுக்க, ஒருவர் எழுத வேண்டும். மூட்டைக்குப் புதிய பிளாஸ்டிக் பை வாங்குவது இந்த வேலைக்கே முரண். பழைய சிமெண்டுச் சாக்கும் அரிசிச் சாக்கும் தாராளமாகக் கிடைக்கும். தடித்த கையுறை, மூடிய செருப்பு, குடம் நிறையத் தண்ணீர், எவர்சில்வர் டம்ளர், முதலுதவிப் பெட்டி ஆகியவை கட்டாயம் வேண்டும்.

எழுதுபவரின் அட்டைதான் நாளின் உயிர். தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் கப், தின்பண்ட உறை, ஷாம்பு பாக்கெட், பாட்டில், பாட்டில் மூடி, மதுப்புட்டி, தெர்மாகோல், நைலான் கயிறு, வலைத்துண்டு, தங்கூசி எனப்படும் மெல்லிய நைலான் இழை, மிதவை, ஒற்றைச் செருப்பு, குழந்தைகளின் டயபர் என்று வரிசையாக அச்சிட்ட ஒரு தாள் அது. பொறுக்குபவர் பெயரைக் கூவ, எழுதுபவர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுப்பார். நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. கை வலிக்கும், சலிப்புத் தட்டும். பாதி வழியில் ‘சும்மா அள்ளிப் போட்டுவிடலாமே’ என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். அப்போது விட்டுக்கொடுக்காத ஒருவரை எழுத வைக்க வேண்டும். எடை மட்டும் போட்டால் ஈரமணலின் எடைதான் கிடைக்கும். எண்ணினால்தான் குப்பை எங்கிருந்து வந்தது என்பது தெரியும். தண்ணீர் பாக்கெட்டும் கப்பும் மிகுந்திருந்தால் கேள்வி நகரத்துக் கடைகளை நோக்கியது. தங்கூசியும் மிதவையும் மிகுந்திருந்தால் துறையை நோக்கியது.

தொடக்கூடாதவையும் உண்டு. ஊசி, மருந்துப் புட்டி, பெயர் தெரியாத டப்பா, இரும்புப் பீப்பாய் ஆகியவற்றை மாணவர்கள் எடுக்கவே கூடாது. இடத்தைக் குறித்துப் பொறுப்பாளரை அழைக்க வேண்டும். உடைந்த கண்ணாடியைச் சாக்கில் போடாமல் தகர டின்னில் போட வேண்டும். பாறையில் சிக்கிய வலையைப் பிடித்து இழுத்தால் பாறையில் ஒட்டியுள்ள உயிர்களும் சேர்ந்து பிய்ந்து வரும். வெளியே தெரியும் பகுதியை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். கரை ஒதுங்கிய கடற்புல்லும் பாசியும் குப்பை அல்ல. காய்ந்து கிடக்கும் அந்தப் புல் மணலைப் பிடித்து வைக்கிறது, சிறு நண்டுகளுக்கும் பறவைகளுக்கும் இரை தருகிறது. கரையைத் துடைத்துவைத்த வீட்டுத் தரையாக ஆக்கும் ஆசையில் அதையும் சேர்த்து வாரிவிடுவது, துப்புரவு முகாம்களில் அடிக்கடி நடக்கும் தவறு.

சில குப்பையைக் கையால் பொறுக்கவே முடியாது. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே தீப்பிடித்து ஜூனில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து, பிளாஸ்டிக் பொருள்கள் செய்யப் பயன்படும் பருப்பளவு மணிகள் ஆயிரக்கணக்கான மூட்டைகள் கடலில் கொட்டின. இலங்கையின் மேற்குக் கரையில் மணலைச் சல்லடையில் போட்டு அரித்து அவற்றைப் பிரிக்க வேண்டியிருந்தது. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலின் மணிகள் கன்னியாகுமரிக் கரை வரை வந்தன. துறைமுக நகரம் ஒன்றின் துப்புரவுக் குழுவிடம் நாலைந்து சல்லடையும் இருப்பது நல்லது.

பொறுக்கிய பின்தான் கடினமான பகுதி வருகிறது. மூட்டைகளைக் கரையோரம் அடுக்கிவிட்டு எல்லோரும் வீடு திரும்பினால், இரவில் நாய்கள் கிழிக்கும், காற்று மீண்டும் கடலில் சேர்க்கும். எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எங்கே கொண்டுபோகும் என்பது முந்தைய வாரமே முடிவாகியிருக்க வேண்டும். பாட்டிலையும் கெட்டிப் பிளாஸ்டிக்கையும் பழைய பொருள் கடைக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். பல அடுக்குகள் ஒட்டிய தின்பண்ட உறையை மறுசுழற்சி செய்ய முடியாது. அது சிமெண்டு ஆலை உலைக்கு எரிபொருளாகப் போகலாம். மீதி தருவைகுளம் உரக்கிடங்குக்குப் போகும். அங்கே போகும் அளவைக் குறைப்பதற்காகவே கரையிலேயே தரம்பிரிக்க வேண்டும். இந்த வேலையைத் தூய்மைப் பணியாளர்கள் தலையில் கட்டக்கூடாது. ஆண்டில் ஒரு நாள் தன்னார்வலர் செய்வதை அவர்கள் அன்றாடம் செய்கிறார்கள். அன்றைக்குக் கூடுதல் நேரம் நின்றால் கூடுதல் கூலி கொடுப்பதே முறை.

ஒரே ஒரு நாள் துப்புரவு எவ்வளவு தூரம் பயன்படும் என்ற கேள்வி நியாயமானது. மும்பை வெர்சோவா கரையில் 2015 அக்டோபரில் அப்ரோஸ் ஷா தொடங்கிய துப்புரவு வாரந்தோறும் நடந்தது. அப்படியிருந்தும் ஒவ்வொரு பருவமழையும் புதிய குப்பையைக் கொண்டுவந்து கொட்டியது. கேரளத்தில் கொல்லம் அருகே நீண்டகரையில் 2017இல் வேறு வழி எடுத்தார்கள். மீன்பிடிக்கப் போகும் படகுகளே வலையில் ஏறும் பிளாஸ்டிக்கைக் கடலில் திருப்பிப் போடாமல் பையில் கட்டிக் கரைக்குக் கொண்டுவர, அது அரைக்கப்பட்டுச் சாலை போடப் பயன்பட்டது. திரேஸ்புரத்துக்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருந்தும். வள்ளம் ஏறும் ஒவ்வொருவரும் நாள்தோறும் அந்தக் கடலைப் பார்க்கிறவர்கள். ஏலக்கூடத்தின் அருகே கிழிந்த வலைக்கும் தங்கூசிக்கும் நிரந்தரத் தொட்டி ஒன்று வைத்தால், ஆண்டுத் துப்புரவின் வேலையில் பாதி குறையும்.

மறுபாதி நகரத்துக்குள் இருக்கிறது. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உண்டு. தண்ணீர் பாக்கெட், கப், உறிஞ்சுகுழல், கைப்பை எல்லாம் அதில் அடக்கம். அவை ஓடைமுகத்தில் இன்னமும் கிடைத்தால், அட்டையின் நகல் மாநகராட்சிக்குப் போக வேண்டும். தடையில் வராத உறைகளுக்கு, அவற்றைச் சந்தையில் விடும் நிறுவனங்களே பொறுப்பு என்கின்றன 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள். எந்த நிறுவனத்தின் உறை எத்தனை என்று அட்டையில் குறித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பலாம். பக்கிள் ஓடை கடக்கும் வார்டுகளின் உறுப்பினர்களுக்கும் ஒரு நகல் கொடுக்கலாம். ஓடையின் குறுக்கே எந்த இடத்தில் கம்பி வலை கட்டி மிதப்பதை மறிக்கலாம் என்பதை அவர்களோடு நடந்து பார்த்தே முடிவு செய்ய முடியும்.

மழை ஓய்ந்த ஜனவரியில் அதே இருநூறு மீட்டரில் ஒருமுறை எண்ணிப் பார்ப்பதும் இந்த வேலையைச் சேர்ந்தது. அதற்குப் பெருங்கூட்டம் வேண்டியதில்லை. இரண்டு குழுக்கள் ஒரு காலையில் முடித்துவிடலாம். இரண்டு அட்டைகளையும் ஒரே கோப்பில் வைத்து ஊர்க் கமிட்டியிடமும் பொறுப்பேற்ற கல்லூரியிடமும் ஒவ்வொரு படி கொடுத்துவிட்டால், அடுத்த செப்டம்பரில் புதிதாக வரும் மாணவர்கள் எங்கே கயிறு கட்ட வேண்டும் என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.