மழை நாளில் கேரம் போர்டு ஏன் மந்தமாகிறது?

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னையில் மாலைப் பொழுதை நம்பி எதையும் திட்டமிட முடியாது. நான்கு மணிக்கு வானம் இருட்டுகிறது, ஐந்து மணிக்குத் தெருவில் கணுக்கால் தண்ணீர். இந்த ஊரின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்கிறது. எழும்பூர் அருங்காட்சியகம், பக்கத்திலேயே கன்னிமாரா நூலகம், கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மார்கழி வந்தால் சபாக்கள் என்று கூரைக்கடியில் பொழுதைக் கழிக்க இங்கே இடத்துக்குக் குறைவில்லை. ஆனால் அங்கெல்லாம் போய்ச் சேர வேண்டுமே! சுரங்கப்பாதை மூடியாயிற்று என்றால் அதோடு சரி. வீட்டை விட்டு நகராமல், பாட்டியும் பேத்தியும் எதிரெதிரே உட்கார்ந்து சரிசமமாக ஆடக்கூடிய ஒன்று வேண்டும் என்றால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கேரம்தான்.

இந்த ஆட்டத்துக்கும் சென்னைக்கும் உள்ள உறவு சாதாரணமானதல்ல. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-இல் தொடங்கப்பட்டதே இந்த ஊரில்தான். இரண்டு முறை உலக சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். கேரத்துக்காக அர்ஜுனா விருது வாங்கிய முதல் ஆட்டக்காரர். வியாசர்பாடி இளவழகி 2008-இல் உலகப் பட்டம் வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வடசென்னையைச் சேர்ந்த காசிமா, ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள், மூன்று தங்கம் வாங்கி வந்தார். தமிழக அரசு 1 கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. ‘வடசென்னை’ படத்தின் நாயகன் கேரம் ஆட்டக்காரனாக வருவது சும்மா ஒப்புக்காக அல்ல. வடசென்னைத் தெருக்களில் சின்னச் சின்ன அறைகளில் ஒரு பலகை, தலைக்கு மேல் தொங்கும் ஒரு விளக்கு, சுற்றி நின்று பார்க்கும் பத்துப் பேர் என்று வளர்ந்த ஆட்டம் இது.

மழைக் காலத்தில் இதை எடுத்து ஆடுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் குறை ஒன்று உண்டு: “போர்டு ஓடவே மாட்டேங்குது.” டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இது புரிந்துவிட்டால் பாதி ஆட்டம் கைக்கு வந்த மாதிரி.

கேரம் பலகை ஒட்டுப்பலகையால் ஆனது. மரத்தின் குணம், காற்றில் ஈரம் ஏறினால் அதை உறிஞ்சி உப்பும். நார் ஓடும் திசையில் பெரிதாக மாறாது. நாருக்குக் குறுக்கேதான் விரியும். அதனால்தான் மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன் நார் நெடுக்கிலும் அடுத்ததன் நார் குறுக்கிலும் வருமாறு ஒட்டிப் பலகை செய்கிறார்கள். ஒன்று விரியப் பார்த்தால் மற்றது பிடித்துக்கொள்ளும். ஆனால் ஆடும் பக்கம் மட்டும் வார்னிஷ் பூசி, அடிப்பக்கத்தை வெறுமனே விட்ட மலிவுப் பலகைகளில் ஈரம் கீழிருந்து மட்டும் ஏறுகிறது. ஒரு பக்கம் உப்பி மறுபக்கம் உப்பாமல் இருந்தால் பலகை வளையத்தானே செய்யும்? மெதுவாகச் சுண்டிய காய் நிற்கப் போகும் நேரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து போகிறதா, பாருங்கள். முதலில் தரை சமமாக இருக்கிறதா என்று பலகையை அதே இடத்தில் சுழற்றி வைத்துப் பார்த்துவிடுங்கள். அப்போதும் பலகையின் அதே இடத்துக்கே காய் இழுபட்டால், வளைந்திருப்பது பலகைதான்.

அடுத்தது பவுடர். கேரத்துக்குப் போடுவது போரிக் அமிலத் தூள். அதன் படிகம் அடுக்கடுக்காக அமைந்தது. அடுக்குகளுக்கு இடையே பிடிப்பு குறைவு; சீட்டுக்கட்டை விரலால் தள்ளினால் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குமே, அப்படி வழுக்கும். காய் மரத்தின் மேல் உரசாமல் இந்த அடுக்குகளின் மேல் போவதால்தான் அவ்வளவு தூரம் ஓடுகிறது. மழை நாளில் பலகையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் இருக்கிறது. அதன்மேல் தூவிய பவுடர் கட்டிபட்டு ஒட்டிக்கொள்கிறது. வழுக்க வேண்டியது உரசுகிறது. இதைப் பார்த்து இன்னும் ஒரு கை பவுடர் அள்ளிப் போடுகிறார்களே, அதுதான் தப்பு. பவுடர் குவியலில் காய் சில இடத்தில் பறக்கும், சில இடத்தில் சிக்கும். எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது எளிது. பழைய பவுடரை முழுக்கத் துடைத்து எடுங்கள், உலர்ந்த பருத்தித் துணியால் மட்டும். ஈரத்துணி பலகையின் பக்கமே வரக் கூடாது. பிறகு பலகைக்கு மேலே ஒரு பழைய குண்டு பல்பைத் தொங்கவிட்டு அரை மணி நேரம் எரிய விடுங்கள். போட்டிகளில் ஒவ்வொரு பலகைக்கு மேலும் மூடி வைத்த விளக்கு தொங்குவது வெளிச்சத்துக்காகத்தான்; ஆனால் அந்தக் காலத்துப் பல்பின் சூடு இந்த ஈரத்துக்கும் மருந்து. எல்.இ.டி.யில் அந்தச் சூடு கிடையாது. இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்ப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம், வார்னிஷ் பாழாகிவிடும். காய்ந்த பிறகு ஒரு சிட்டிகை பவுடரைப் பரப்பித் துணியால் மெல்லத் தேயுங்கள், போதும். பவுடர் டப்பாவை இறுக்கி மூடி வையுங்கள். இது வயிற்றுக்குள் போகக் கூடாத பொருள். ஆட்டத்துக்கு நடுவே பஜ்ஜி தின்னும் குழந்தைகளை முதலில் கை கழுவச் சொல்லுங்கள்.

பலகை சரியாகிவிட்டதா என்று பார்க்க ஆட்ட விதிகளிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. 15 கிராம் ஸ்டிரைக்கரை முழு வேகத்தில் சுண்டினால் எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பித் திரும்பி மூன்றரை முறை பலகையைக் கடக்க வேண்டும். வீட்டுப் பலகை இரண்டு முறை கடந்தாலே மழை நாளுக்கு நான் திருப்திப்படுவேன்.

இனி ஆட்டம். மந்தமான பலகையில் எல்லோரும் ஓங்கி அடிக்கிறார்கள். வேகம் கூடக் கூடக் குறி கெடும். பாக்கெட்டின் விளிம்பில் பட்ட காய் உள்ளே விழாமல் வெளியே தெறிக்கும். மெதுவாக, ஆனால் சரியான இடத்தில் படும்படி சுண்டுவதைப் பழக மழைக் காலத்தைப் போல நல்ல காலம் கிடையாது. எங்கே பட வேண்டும்? பாக்கெட்டிலிருந்து காயின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு பின்னால் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு காயின் முதுகில் எங்கே வெளியே வருகிறதோ, அங்கேதான் ஸ்டிரைக்கர் தொட வேண்டும். இங்கேதான் புதிதாக ஆடுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். ஸ்டிரைக்கரின் நடுவை அந்தப் புள்ளிக்கே குறி வைக்கிறார்கள். ஸ்டிரைக்கருக்கும் அகலம் உண்டே! அது சுமார் 4.1 சென்டிமீட்டர், காய் சுமார் 3.1. இரண்டும் தொடும்போது அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 3.6 சென்டிமீட்டர் இருக்கும். ஆகவே காயின் நடுவிலிருந்து அந்தக் கோட்டிலேயே அவ்வளவு தள்ளிப் பின்னால் இருக்கும் வெற்றிடத்தைக் குறி வையுங்கள். ஆட ஆரம்பிக்கும் முன் இன்னொரு ஸ்டிரைக்கரைக் காயின் முதுகில் ஒட்டி வைத்து, அதன் நடு எங்கே வருகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் மறக்காது. நகத்தைத் தூரத்திலிருந்து கொண்டுவந்து அடிக்காமல், விரலை ஸ்டிரைக்கருக்கு ஒட்டினாற்போல் வைத்துச் சுண்டச் சொல்லுங்கள். வலிக்கவும் வலிக்காது, கோணலும் வராது.

வீடுகளில் கறுப்புக்குப் பத்து, வெள்ளைக்கு இருபது, ரெட்டுக்கு ஐம்பது என்று ஆடுவோம். இந்தக் கணக்கு வீட்டுக்கு வீடு மாறும். சின்னக் குழந்தைகளோடு ஆட அதுவே நல்லது, யார் எந்தக் காயைப் போட்டாலும் சந்தோஷம். கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு முறையான ஆட்டத்தைக் கற்றுக்கொடுங்கள் என்பேன். ஒருவருக்கு ஒன்பது வெள்ளை, மற்றவருக்கு ஒன்பது கறுப்பு. முதலில் தன் காய்களை முடித்தவருக்கு, எதிராளிக்கு மிச்சமிருக்கும் காய் ஒன்றுக்கு ஒரு புள்ளி. 25 புள்ளி அல்லது எட்டு ‘போர்டு’ (அதாவது எட்டுச் சுற்று), எது முதலில் வருகிறதோ அதோடு ஒரு கேம் முடிந்தது. ரெட்டைப் போட்டால் அப்போதோ அடுத்த சுண்டலிலோ தன் காய் ஒன்றை ஃபாலோ போட வேண்டும்; தவறினால் ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். இந்த ஆட்டத்தில் தன் காயைப் போடுவது மட்டும் வேலையல்ல, எதிராளியின் காய்க்கு வழி அடைப்பதும் வேலை. பத்து வயதுப் பிள்ளை முதன்முதலாக, போட முடிகிற காயைப் போடாமல் விட்டுவிட்டு அப்பாவின் காய்க்குக் குறுக்கே தன் காயை நகர்த்தி வைக்கும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இதை எழுதும்போது ஒன்றையும் மறக்கவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் புகும் தெருக்களில் மழை நாள் ஆட்டத்துக்கான நாள் அல்ல. கேரத்தை வளர்த்த வடசென்னையிலேயே அப்படிப்பட்ட தெருக்கள் ஏராளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, போனில் சிக்னல் இல்லை. அத்தகைய நாள்களில் மேட்டுப்பாங்கான ஒரு சமுதாயக் கூடத்தில் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைக்க நான்கு பலகைகளும் ஒரு எமர்ஜென்சி விளக்கும் போதும். குடியிருப்போர் சங்கங்களும் மாநகராட்சி வார்டு உறுப்பினர்களும் இதை மழைக்கு முன்பே ஏற்பாடு செய்து வைக்க வேண்டும், பெரிய செலவில்லை.

உங்கள் வீட்டுப் பலகை பீரோவுக்குப் பின்னால், வெளிச்சுவரில் சாய்ந்தபடி இருக்கிறதென்றால் இன்றைக்கே அதை உள்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். இல்லாவிட்டால் கட்டிலுக்கடியில் படுக்கப் போடுங்கள். கார்த்திகை முடிவதற்குள் பலகை வளைந்துவிட்டால் அதை நிமிர்த்துவது சுலபமல்ல.