வசதியுள்ளோர் கைவிட்ட ஊர்ப் பள்ளி

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட பூமியில், நெல்லும் மணிலாவும் விளையும் வயல்களின் நடுவே அமைந்திருக்கும் மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் குருபீடமாகிய ஜினகாஞ்சி மடத்தையும் பார்சுவநாதர் ஆலயத்தையும் தன்னகத்தே கொண்ட ஊர். ஆகாரம், அபயம், ஔஷதம் என்ற மூன்றோடு சாஸ்திரத்தையும் சேர்த்துத் தானங்கள் நான்கு என்று வகுத்து, சோறிடுவதற்கு ஒப்பான புண்ணியம் கல்வி அளிப்பதிலும் உண்டு என்று கருதிய மரபு அந்த மடத்தினுடையது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்தத் தானம் இன்று எந்த ஸ்திதியில் இருக்கிறது என்பதை அறிய ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. பள்ளி நாளில் காலை எட்டு மணிக்கு முன் கிராமத்துச் சாலையோரம் நின்றால் போதும்.

கழுத்தில் டையும் அடையாள அட்டையும் தொங்க, முதுகை வளைக்கும் பையோடு நிற்கும் குழந்தைகளை ஆயா ஒருத்தி கைப்பிடித்து ஏற்ற, மஞ்சள் வேன் ஊர்த் தெருவிலிருந்து திண்டிவனத்தை நோக்கியோ செஞ்சியை நோக்கியோ புறப்பட்டுப் போகிறது. காலனியிலிருந்து வரும் பிள்ளைகள், சிற்றுண்டி தயாராகும் ஊராட்சி ஒன்றியப் பள்ளியை நோக்கி நடந்து போகிறார்கள். ஊரும் காலனியும் குடியிருப்பில் பிரிந்திருந்த காலத்திலும் ஒரே பலகையில் தோளுரச உட்கார்ந்த இடம் ஒன்று உண்டென்றால் அது அந்தப் பள்ளிதான். வேன் வந்த பிறகு அந்தப் பலகையிலும் ஊரார் பிள்ளைகள் அருகிப்போய், "அது காலனிப் பசங்க படிக்கிற ஸ்கூலு" என்று சர்வசாதாரணமாகச் சொல்லும் நிலை பல கிராமங்களில் வந்துவிட்டது. கட்டணம் கட்டுவோர் அனைவரும் தனவந்தர்கள் அல்லர். ஜூன் மாதம் பிறந்தால் தாலியைத் தவிர்த்து மற்ற நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போகும் வீடுகளும் உண்டு. ஆயினும் முதலில் புறப்பட்டவர்கள் நிலமும் உத்தியோகமும் உடையவர்களே. பின்னால் சென்றவர்கள் அவர்களைப் பார்த்துச் சென்றவர்கள்.

இவர்களை நிந்திப்பது எளிது, ஆனால் நியாயமன்று. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருந்து, அவர்களில் ஒருவர் பயிற்சிக்கென்றோ கணக்கெடுப்புக்கென்றோ போய்விட, மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் அடக்கி உட்கார வைக்கும் காட்சியைக் கண்ட தகப்பன், கையில் பணமிருந்தும் தன் மகனை அங்கே விடவேண்டும் என்று யாரால் கட்டாயப்படுத்த இயலும்? அரசுப் பள்ளி ஆசிரியர்களிலேயே பலர் தம் மக்களை வேனில் ஏற்றிவிட்டுத்தான் பாடம் நடத்த வருகிறார்கள் என்பது ஊரறிந்த சங்கதி.

பாடம் உயர்ந்தது என்பதற்காகப் போகிறார்களா என்றால் அதுவும் இல்லை. சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின் மேற்பார்வையில் சொற்ப எண்ணிக்கையில் இருந்த மெட்ரிகுலேஷன் பள்ளிகள், 1978இல் மாநில அரசின் பொறுப்புக்கு வந்தபின் ஆயிரக்கணக்கில் பெருகின. 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் இயற்றப்பட்டு, 2011 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அதை உடனே நடைமுறைப்படுத்தச் சொன்ன பிறகு, திண்டிவனத்து மெட்ரிக் பள்ளியும் கிராமத்து ஒன்றியப் பள்ளியும் ஒரே பாடத்திட்டத்துக்கு வந்துவிட்டன. வேன் நின்றதா? நிற்கவில்லை, சில நிர்வாகங்கள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிக்கொண்டதுதான் மிச்சம். ஆகவே பெற்றோர் விலைகொடுத்து வாங்குவது பாடத்தை மட்டுமன்று. ஆங்கிலத்தையும், அதனினும் மேலாகத் தம் குழந்தையின் பக்கத்தில் யார் உட்காரக்கூடாது என்ற நிச்சயத்தையும் என்பதே என் அபிப்பிராயம். பின்னதை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பள்ளிக்கு நேரும் நஷ்டம் எது? சேர்க்கைப் பதிவேட்டில் குறையும் சில பெயர்கள் அல்ல. கழிப்பறைக் கதவு உடைந்தால் ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் மேசையைத் தட்டிக் கேட்கக்கூடியவரும், ஆசிரியர் பணியிடம் காலியானால் கல்வி அலுவலருக்கு மனு எழுதக்கூடியவரும், தேர்தல் காலத்தில் வேட்பாளரை நிறுத்தி வாக்குறுதி வாங்கக்கூடியவரும் தம் குழந்தையோடு சேர்ந்து வெளியேறிவிடுகிறார்கள். எஞ்சியிருக்கும் தாயோ அன்றைய கூலியை இழந்துதான் தலைமையாசிரியரைப் பார்க்க வரவேண்டியவள்.

இதற்கு நேர்மாறான காட்சியையும் இந்நாடு கண்டிருக்கிறது. காமராஜர் ஆட்சியில், 1956இல் மதிய உணவு தொடங்கியதை அடுத்து, பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய அவ்வியக்கம் மாநிலமெங்கும் பரவிற்று. ஒருவர் நிலம் தந்தார், ஒருவர் கட்டடம் தந்தார், ஒருவர் பெஞ்சும் கரும்பலகையும் சுவர்க்கடிகாரமும் தந்தார், அதற்கும் இயலாதவர் தண்ணீர்ப் பானை தந்தார். தர்ம சிந்தை மிகுந்த தலைமுறை என்று அவர்களைப் புகழலாம். எனினும் கொடுத்தவர்களில் பலருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள் என்பதை மறந்துவிடலாகாது. 1966இல் அறிக்கை அளித்த கோத்தாரிக் குழு, அந்தந்த வட்டாரத்துப் பிள்ளைகள் யாவரும் ஜாதி, செல்வ பேதமின்றி அருகமைப் பள்ளியிலேயே பயிலவேண்டும் என்று பரிந்துரைத்தபோது காட்டிய காரணங்களுள் ஒன்றும் இதுவே: செல்வாக்குள்ளோர் பிள்ளைகள் பொதுப்பள்ளியில் இருந்தால்தான், அவர்கள் அதில் சிரத்தை கொண்டு விரைவில் சீர்ப்படுத்துவார்கள். அறிக்கையைப் பாராட்டாத அரசாங்கமில்லை. நிறைவேற்றிய அரசாங்கமும் இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமோ, தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு 25 இடங்களை ஏழைகளுக்கு ஒதுக்கி அதற்குரிய பணத்தை அரசே செலுத்தும்படி விதித்ததால், ஏழையையும் அதே வேனில் ஏற்றிவிடும் வழியைத் திறந்தது.

2011இல் ஈரோடு மாவட்ட ஆட்சியராயிருந்த ஆனந்தகுமார் தம் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தது நாடெங்கும் செய்தியாயிற்று. ஆட்சியர் தம் ஆட்சிக்குட்பட்ட பள்ளியை நம்பியது செய்தியாகும் அளவுக்கு அது அபூர்வமாகிவிட்டதே, அதுதான் வருந்தத்தக்கது. அரசு ஊழியர்கள் தம் மக்களை அரசுப் பள்ளியில் படிக்கவைக்க வேண்டும் என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் 2015இல் ஆணையிட்டும் அது நடைமுறைக்கு வரவில்லை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தபின், சில வீடுகளில் கணக்கு மாறியிருக்கிறது. கணக்குப் பார்த்து வந்தாலும் வரட்டும். வந்தவர் கேள்வி கேட்பார்.

நன்கொடையாளராக மட்டும் நின்று உதவலாமே என்பார் உண்டு. பெயின்ட் அடித்துக் கொடுப்பதும் கணினி வாங்கித் தருவதும் உபகாரமே; மறுக்கவில்லை. ஆனால் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் அப்பள்ளியில் பயிலும் குழந்தைகளின் பெற்றோராகவே இருக்கவேண்டும். கொடையாளி எவ்வளவு பெரியவராயினும், அந்த மூன்று பங்கில் அவருக்கு இடமில்லை. உங்கள் வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை இருக்குமானால், இந்த ஜூன் மாதம் வேனுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், உங்கள் தெருக்கோடிப் பள்ளிக்குள் ஒருமுறை போய்த் தலைமையாசிரியரிடம் பேசிப்பாருங்கள்.