மதில் மட்டும் போதுமா?

கோட்டை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன உயர்ந்த மதிலும், ஆழ்ந்த அகழியும், இரும்புப் பூண் இட்ட பெருங்கதவுமே. அதனுள் வாழ்வோர் எங்கே உண்பர், எங்கே உறங்குவர், நோயுற்றால் எங்கே கிடப்பர், இறந்தால் எங்கே அடக்கம் பெறுவர் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை எண்ணிப் பார்க்க வைக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. அதுவும், நம் பிள்ளைகள் விரும்பி அமரும் கணிப்பொறித் திரையிலேயே உண்டு!

அதன் பெயர் 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்'. 'குள்ளர் கோட்டை' என நாம் தமிழில் வழங்கலாம். அமெரிக்காவைச் சேர்ந்த சாக் ஆடம்ஸ், டார்ன் ஆடம்ஸ் என்னும் உடன்பிறந்தார் இருவர் இதனைப் படைத்தனர். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற இளையவரான டார்ன், பல்கலைக்கழகப் பணியைத் துறந்து இதற்கே தம்மை அளித்தார். 2006-ஆம் ஆண்டு இவ்விளையாட்டு இலவசமாக வெளிவந்தது. அன்பர்கள் மனமுவந்து அனுப்பிய நன்கொடையே பல ஆண்டுகள் அவ்விருவருக்கும் பிழைப்பூதியமாயிற்று. 2012-இல் நியூயார்க் நகரின் நவீன கலை அருங்காட்சியகம் இதனைத் தன் சேகரிப்பில் ஏற்றது. பின்னர்க் குடும்பத்தில் நேர்ந்த நோயும், மருத்துவச் செலவு பற்றிய கவலையும் அவர்களைச் சிந்திக்க வைத்தன. எழுத்துகளையும் குறியீடுகளையுமே உருவங்களாகக் கொண்டிருந்த விளையாட்டு, 2022 டிசம்பரில் வண்ணப் படங்களுடன் விலைக்கு வந்தது. இலவசப் பதிப்பும் நிறுத்தப்படவில்லை.

ஏழு பேரும் ஒரு வண்டியும்

ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளில் வருவது போன்ற குள்ளர் எழுவர், சிறிது உணவும் சில கருவிகளும் ஏற்றிய வண்டியுடன் ஓரிடத்தில் வந்து இறங்குகின்றனர். ஆடுபவர் அவர்களைக் கைப்பிடித்து நடத்துவதில்லை. எங்கே தோண்டுவது, எங்கே எதனை அமைப்பது என்று குறித்துக் கொடுப்பதே அவர் வேலை. மலை குடையப்பட்டு, தளத்தின் கீழ்த் தளமாக ஒரு நகரம் உருவாகிறது. செய்தி பரவியதும் குடியேறிகள் வருகின்றனர்; எழுவர் எழுபதாகி, இருநூறு வரையும் பெருகக்கூடும். எழுவருக்கென்று வெட்டிய ஒற்றைத் தாழ்வாரத்தில் இருநூறு பேர் இடித்துக்கொண்டு நடக்க நேரும்போதுதான், தொடக்கத்தில் வரைபடம் இட்டிருக்க வேண்டும் என்பது விளங்கும்.

தேர்ந்தவர்கள் நடுவே அகன்ற படிக்கட்டு ஒன்றை வெட்டி, அதனைச் சுற்றி அறைகளை அமைப்பர். இங்கே ஒரு தளம் இறங்குவதும் ஓரடி நடப்பதும் ஒன்றே. ஆகையால் பக்கவாட்டில் நெடுந்தூரம் பரவுவதைவிட, மேலும் கீழுமாக நெருங்கி அமைவது நன்று. மேலே மண் தளத்தில் காளான் வயல். அதன் கீழே சமையற்கூடமும் உணவுக் கிடங்கும். அடுத்துப் பட்டறைகள், ஒவ்வொன்றின் அருகிலும் அதற்குரிய கல்லோ மரமோ. அதற்கும் கீழே உறங்கும் அறைகள். கிடங்கு தொலைவில் இருந்தால், தச்சனின் நாள் தச்சு வேலையில் கழியாது, நடையிலேயே கழியும். வணிகர் வண்டி நுழையும் வழி மூன்று கட்ட அகலமேனும் இல்லையெனில் வண்டி உள்ளே வராது. அழுகும் பொருளைக் குகைக்குள் போட்டு வைத்தால் நச்சு நாற்றம் பரவி அனைவர் மனத்தையும் கெடுக்கும். எனவே குப்பைமேடு திறந்த வெளியில் அமைய வேண்டும்.

நெம்புகோல் எங்கே?

பகைவரைத் தடுக்கத் தூக்குப் பாலம் உண்டு. நெம்புகோலை இழுத்தால் பாலம் எழுந்து சுவராக நிற்கும். அந்த நெம்புகோலை வாயிலருகே வைப்பது புதியவர் செய்யும் பிழை. ஆபத்து நேரத்தில் அதனை இழுக்க ஓடுபவன் பகைவர் கையில் அகப்படுவான். எந்நேரமும் ஆள் இருக்கும் உணவுக்கூடத்தின் பக்கத்தில் அதனை வைப்பவரே அனுபவசாலி. இழுத்த பின்னும் பாலம் எழச் சற்று நேரமாகும் என்பதையும் கணக்கிட வேண்டும்.

இதனினும் கடினமான வினா ஒன்று உள்ளது. பாலம் எழும் நேரத்தில், விறகு வெட்டவும் கனி பறிக்கவும் வெளியே சென்றவர் நிலை என்ன? தாமதித்தால் பகைவர் நுழைவர். விரைந்தால் நம்மவர் வெளியே நிற்பர். ஆகவே அனைவரையும் உள்ளே அழைக்கும் ஒழுங்கினை அமைதிக் காலத்திலேயே வகுத்து வைப்பது அறிவுடைமை.

உள்ளிருந்து வந்த வீழ்ச்சி

இத்தனையும் செய்தும் கோட்டைகள் வீழ்வதுண்டு. மதிலில் ஒரு கீறலும் விழாமலேயே வீழ்வதுண்டு. இங்குதான் இவ்விளையாட்டு நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது.

இதில் ஒவ்வொரு குள்ளனுக்கும் மனம் ஒன்று உண்டு. நட்பு, பகை, நினைவு, துயரம் யாவும் உண்டு. சிறப்பாக முந்தைய பதிப்புகளில் பலர் கண்ட காட்சி இது: ஒருவன் சுரங்கத்தில் மடிகிறான். அவன் நண்பன் துயரம் தாளாமல் வெகுண்டு மேசை நாற்காலிகளை உடைக்கிறான், அருகிலிருந்தவனைத் தாக்குகிறான். அடிபட்டவன் இறக்க, அவனுடைய உறவினர் கொதிக்கின்றனர். இவ்வாறு ஒருவர் துயரம் மற்றவருக்குத் தொற்றி, சில நாட்களில் நகரமே அழிகிறது. வெளியே பகைவர் ஒருவருமில்லை!

இதற்கு மருந்தும் வரைபடத்திலேயே இருக்கிறது. அழகிய பொது உணவுக்கூடம் உண்பவர் மனத்தைத் தேற்றும். ஒவ்வொருவருக்கும் சிறிதாயினும் தனி அறை வேண்டும். பிணியாளர் விடுதிக்குப் பக்கத்தில் நல்ல கிணறு வேண்டும். வழிபாட்டுக்கு ஆலயம் வேண்டும். வேண்டுதலுக்கும், குடும்பத்தாரோடும் நண்பரோடும் கூடியிருப்பதற்கும் நேரம் வாய்க்காதவன் வேலையிலும் கவனம் இழக்கிறான். இறந்தோருக்குக் கல்லறை வேண்டும். அடக்கம் பெறாதவர் ஆவியுருவில் உலவி வாழ்வோரைக் கலக்குவர். உடல் கிடைக்காவிடினும் அவர் பெயர் பொறித்த நினைவுக்கல் ஒன்றை நாட்டினால் அமைதி பெறுவர். ஆவியுலா கற்பனையே. ஆயினும், இறந்தோரை அடக்கம் செய்வதை இரக்கச் செயல்களுள் ஒன்றாகப் போற்றி, நவம்பர் மாதம் முழுவதும் அவர்களை நினைவுகூரும் நமக்கு இதன் உட்கருத்து புதிதன்று.

இன்னொரு வீழ்ச்சியும் உண்டு. நிலத்தின் அடியாழத்தில் விலைமதிப்பற்ற உலோகம் ஒன்று தூணாக நிற்கிறது. இன்னும் சிறிது, இன்னும் சிறிது என்று ஆசையால் அதனைக் குடைந்துகொண்டே செல்பவர், அதன் அடியில் அடைபட்டிருக்கும் கொடிய பூதங்களுக்குத் தம் கையாலேயே வழி திறந்து விடுகின்றனர்.

நமது வரைபடம்

இவ்விளையாட்டைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தாருங்கள் என்று நாம் பரிந்துரைக்கவில்லை; இதில் குருதியும் கொலையும் உண்டு, நேரத்தையும் இது விழுங்கும். ஆனால் வளர்ந்த பிள்ளை ஏற்கெனவே இதனை ஆடுகிறான் எனில், கடிந்துகொள்ளுமுன் அருகில் அமர்ந்து, "உன் கோட்டையில் உணவுக்கூடம் எங்கே? ஆலயம் எங்கே?" என்று கேளுங்கள். உரையாடல் தானே வளரும்.

கோபுரம் கட்ட விரும்புவோன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று ஆண்டவர் உரைத்ததை லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். நாமோ சுற்றுச்சுவருக்கும் இரும்புக் கதவுக்கும் கணக்கிடுகிறோம். குடும்பத்தார் அனைவரும் ஒருங்கே அமர்ந்து உண்ண ஒரு மேசை, மாலைச் செபத்திற்கு ஒரு மூலை, முதிய பெற்றோருக்குக் காற்றோட்டமான ஓர் அறை, மனம் நொந்தவன் பேசுவதைக் கேட்க ஒரு நாழிகை ஆகியவற்றை நம் கணக்கில் சேர்க்கிறோமா? கதவு பூட்டியிருக்க, உள்ளே ஒருவரோடொருவர் பேசாத வீட்டுக்கு எந்த மதில் காவல்?

அவிலா நகரின் புனித தெரேசா 1577-இல் எழுதிய நூலில், மனித ஆன்மாவைப் பல அறைகள் கொண்ட கோட்டையாகக் கண்டார். அதன் நடு அறையில் அரசராகிய இறைவன் உறைகிறார். செபமே அதன் வாயில். பலரோ வெளிமுற்றத்திலேயே காலங்கழிக்கின்றனர் என்று அவர் வருந்தினார். வெளிமுற்றத்தைக் காப்பதோடு நில்லாமல், நம் இல்லத்தின் உள்ளறைகளையும் அன்பாலும் செபத்தாலும் அமைத்துக்கொள்ள இறைவன் நமக்கு அருள்வாராக!