பொது மென்பொருளும் அதன் இலச்சினையும்

நெய்த் தகரத்தின் மீது காணப்படும் அக்மார்க் முத்திரையைக் கிராம மக்களும் நன்கறிவர். 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த அம்முத்திரையைப் பல வணிகர்கள் தத்தம் பெயருடன் சேர்த்துப் பொறிக்கின்றனர். ஆயினும் அதன் வடிவமும் அது குறிக்கும் தரமும் ஒன்றே. இவ்வொருமைப்பாடு குலையுமாயின், முத்திரையின் மீதுள்ள நம்பிக்கையும் குலைந்துவிடும்.

திறந்தமூல மென்பொருள் துறையில் இச்சிக்கல் மேலும் கூர்மையானது. இவ்வகை மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். நூறு பேர் நூறு விதமாகத் திருத்தி ஒரே பெயரில் வெளியிட்டால், பயன்படுத்துவோர் எதனை நம்புவது? இதனாலேயே பல திட்டங்களில் நிரலுக்கு ஓர் உரிமமும், பெயருக்கும் இலச்சினைக்கும் வேறொரு விதியும் வகுக்கப்படுகின்றன. நிரல் அனைவர்க்கும் பொது. பெயரையோ ஓர் அமைப்பு காத்து நிற்கிறது.

பெங்களூரில் பிறந்த சிம்ப்யூட்டர் இதற்குத் தக்க சான்றாகும். இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆசிரியர்களும் என்கோர் நிறுவனத்தின் பொறியாளர்களும் 1999-இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளையை அமைத்தனர். எளிமை, மலிவு, பன்மொழித் திறன் ஆகியவற்றைக் கொண்ட மக்கள் கணிப்பொறியே அவர்களது குறிக்கோள். லினக்ஸில் இயங்கிய இக்கையடக்கக் கருவி 2001-இல் அறிமுகமாயிற்று. ஒரே கருவியை ஊரார் பலரும் பயன்படுத்தும் பொருட்டு, ஒவ்வொருவர் விவரத்தையும் தனித்தனியே தாங்கும் ஸ்மார்ட் கார்டு முறை அதில் இணைக்கப்பட்டது. கருவியின் வடிவமைப்பும் திறந்த உரிமத்தின்கீழ் வழங்கப்பட்டது. ஆயினும் அடிப்படை இலக்கணத்திற்குப் பொருந்திய கருவிக்கு மட்டுமே சிம்ப்யூட்டர் என்னும் பெயர் உரியதாக இருந்தது.

2004-இல் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தயாரித்த அமிடா வெளிவந்தது. என்கோர் நிறுவனமும் தனியே ஒரு கருவியை வெளியிட்டது. தயாரிப்பாளர் வெவ்வேறாயினும் சிம்ப்யூட்டர் என்ற பொதுப்பெயர் இரண்டிற்கும் இருந்தது. விற்பனை எதிர்பார்த்த அளவை எட்டவில்லை என்பதும் உண்மையே. பெயர் நம்பிக்கையைக் காக்கும். சந்தையைத் தானே உண்டாக்காது.

பெயர்க் காவல் மிகுந்தால் பிணக்கும் நேரும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் தாம் செய்யும் திருத்தங்களுக்கு மொசில்லாவின் இசைவு வேண்டும் என்பதையும், இலச்சினைக்கு இருந்த கட்டுப்பாட்டையும் டெபியன் குழுவினர் ஏற்கவில்லை. எனவே 2006-இல் அதனை ஐஸ்வீசல் என்ற வேறு பெயரில் வழங்கினர். 2016-இல் உடன்பாடு ஏற்பட்டுப் பழைய பெயர் திரும்பியது. நிரலில் சுதந்திரம் இருந்தமையால், பிணக்கு நீடித்த பத்தாண்டுகளிலும் மக்களின் பயன்பாடு தடைப்படவில்லை.

இலச்சினையை ஒரே சீராகக் காக்கும் முறைகள் எளியவையே. மூலப்படத்தைப் புள்ளிகளாக அன்றிக் கோடுகளாலும் வளைவுகளாலும் அமைத்தல் வேண்டும். அப்போது பெரிதாக்கினும் உருவம் சிதையாது. வண்ணங்களை எண்களால் வரையறுத்தல் வேண்டும். கறுப்பு மையில் மட்டும் அச்சிடுவோர்க்கென ஒருவண்ணப் படிவமும் தேவை. மிகக் குறைந்த அளவையும், சுற்றிலும் விடவேண்டிய வெற்றிடத்தையும் குறிப்பிடல் நன்று. இவையனைத்தையும் நிரலுடன் ஒரே இடத்தில் சேமித்து வைத்தால், ஆளுக்கொரு படத்தை வரைந்துகொள்ளும் நிலை எழாது.

பள்ளிகளிலும் கிராம அலுவலகங்களிலும் இத்தகைய மென்பொருளை நிறுவுவோர் ஒன்றை மறத்தலாகாது. படத்தை எவரும் நகலெடுக்கலாம். ஆதலின் இலச்சினை மட்டுமே சான்றாகாது. திட்டத்தின் அதிகாரபூர்வ இடத்திலிருந்தே மென்பொருளைப் பெறுதல் வேண்டும். கோப்புடன் வரும் மின்கையொப்பத்தையும் சரிபார்த்தல் வேண்டும். உள்ளூர்த் தேவைக்கேற்ப அதனைத் திருத்தி வழங்குவோர் பெயர் விதிகளை முதலில் படித்தறிதல் நலம். அவ்விதிகள் இடந்தராவிடின் புதுப்பெயர் சூட்டி, எந்த மென்பொருளிலிருந்து அது தோன்றியது என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுதலே முறையாகும்.